வயலட், தெர்மல், யூவி: நாளிதழ் பிளேட் ரூமிலிருந்து ஒரு மதிப்புரை

நாளிதழுக்கு சிடிபி மெஷின், அதாவது பிலிம் இல்லாமல் கம்ப்யூட்டரிலிருந்து நேராக அச்சு பிளேட்டில் ஒளியால் எழுதும் மெஷின், விற்க வருகிற பிரதிநிதிகள் பெரும்பாலும் ஒரே மாதிரியைத்தான் காட்டுகிறார்கள். வழவழப்பான ஆர்ட் பேப்பரில் 200 கோட்டு ஸ்கிரீனில் (ஒரு அங்குலத்துக்கு 200 வரிசைப் புள்ளிகள்) அடித்த ஒரு முகம். கூடவே ஒரு பூதக்கண்ணாடி. "ஒரு பர்சன்ட் டாட் கூட நிக்குது பாருங்க சார்" என்பார்கள். நிற்கத்தான் செய்கிறது. ஆனால் நாங்கள் அடிப்பது 45 கிராம் நியூஸ்பிரின்ட்டில், 100 கோட்டில், நள்ளிரவுக்குப் பிறகு, கடைசி பஸ்ஸுக்கு முன்னால். அந்த முகத்தை வைத்து நாளிதழுக்கான சிடிபியைத் தேர்ந்தெடுக்க முடியாது. எதை வைத்துத் தேர்ந்தெடுக்கலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஒரு தமிழ் நாளிதழின் திருநெல்வேலி அச்சகத்தில் பிளேட் ரூம் பார்க்கிறேன். பிலிம் காலத்திலிருந்து இந்த வேலைதான். இமேஜ்செட்டரில் நெகட்டிவ் எடுத்து, லைட் டேபிளில் ஒட்டி, வாக்யூம் ஃபிரேமில் எக்ஸ்போஸ் போட்டு, கையால் டெவலப் செய்த தலைமுறை. பிறகு தெர்மலில் சில காலம், வயலட்டில் நீண்ட காலம். யூவி, அதாவது புற ஊதா ஒளி மெஷினை நண்பர் ஒருவரின் அச்சகத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரவு வேகத்தில் பல பதிப்பு போடும் நாளிதழுக்கு இதுவரை வந்ததில் வயலட்தான் சரியான கருவி. ஆனால் இன்று புதிதாக வாங்குவதாக இருந்தால் நான் தெர்மல் பக்கம்தான் போவேன். காரணம் லேசர் இல்லை. தண்ணீரும், பிளேட் வரத்தும்.

முதலில் லேசரைப் பார்ப்போம். மூன்றுக்கும் வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

வயலட் என்பது 405 நானோமீட்டர் ஒளி. ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நகமுரா 1990களில் செய்து காட்டிய நீல, ஊதா டயோடுகளின் வழியில் வந்தது. நீல எல்.இ.டி.க்காக 2014இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர். ப்ளூ ரே டிஸ்க் படிக்கிற அதே அலைநீளம் என்பதால் டயோடு பெருவாரியாக உற்பத்தியாகி விலையும் இறங்கியது. தெர்மல் 830 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. கனடாவின் கிரியோ நிறுவனம் இந்தப் பாதையில் முன்னே நின்றது. 2005இல் கோடக் அதை வாங்கிக்கொண்டது. அக்ஃபாவும் ஃபூஜியும் செய்தித்தாள் சந்தையில் வயலட்டை முன்னால் வைத்தன. 2000ஆம் ஆண்டு டிரூபா அச்சுத் துறைக் கண்காட்சியை ஒட்டித் தொடங்கிய "வயலட்டா தெர்மலா" வாதம் பத்து வருஷத்துக்கு மேல் ஓடியது. வணிக அச்சகங்கள் பெரும்பாலும் தெர்மலுக்குப் போயின. நாளிதழ்கள் பெரும்பாலும் வயலட்டுக்குப் போயின. இது விளம்பரத்தால் மட்டும் வந்த பிரிவு இல்லை. பிளேட்டின் மேலே பூசியிருக்கும் மருந்தின் குணத்தால் வந்தது.

வயலட் பிளேட்டின் பூச்சு போட்டோபாலிமர். ஒளி பட்ட இடத்தில் ஒரு தூண்டல் கிடைத்தால் போதும்; மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துச் சங்கிலியாக இறுகத் தொடங்கிவிடும். ஒரு கரண்டி உறைமோர் ஒரு பானைப் பாலைத் தயிராக்குகிற கணக்கு. தெர்மலில் அந்தப் பெருக்கம் இல்லை. ஒவ்வொரு புள்ளியையும் லேசரே குறிப்பிட்ட சூட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தச் சூட்டை எட்டவில்லை என்றால் ஒன்றும் நடக்காது. எட்டினால் முழுதாக நடக்கும். அரைகுறை கிடையாது. தெர்மல் புள்ளியின் ஓரம் அத்தனை கூர்மையாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

கணக்கில் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். பிராட்ஷீட் ஒரு பக்கத்துப் பிளேட் சுமார் 2,000 சதுர சென்டிமீட்டர். தெர்மல் பிளேட்டுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிஜூலை ஒட்டி ஆற்றல் தேவை. ஆக ஒரு பக்கத்துக்கு 200 ஜூல். வயலட் பிளேட்டுக்கு 50 மைக்ரோஜூல் என்று வைத்துக்கொண்டால் ஒரு பக்கத்துக்கு 0.1 ஜூல். இதனால்தான் வயலட் மெஷினில் சில பத்து மில்லிவாட் டயோடு ஒன்றும், சுழலும் கண்ணாடி ஒன்றும் போதுமாக இருக்கிறது. பிளேட் பாட்டுக்குத் தட்டையாகப் படுத்திருக்கும், அல்லது டிரம்மின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒளிதான் ஓடும். தெர்மலில் பல பத்து வாட் தலை வேண்டும், நூற்றுக்கணக்கான கதிர்களாக அதைப் பிரித்து எழுத வேண்டும், பிளேட்டை டிரம்மின் வெளிப்புறம் சுற்றிக் கிளாம்ப் போட்டுச் சுழற்ற வேண்டும். எழுதும் நேரம் போக, ஏற்றி இறக்கும் நேரமும் அதில் சேரும்.

இன்று இரண்டு வகையிலும் மணிக்கு 200 பிளேட்டைத் தாண்டும் மெஷின்கள் உண்டு. ஆனால் அந்த வேகத்தை வயலட் எளிய உறுப்புகளோடு எட்டியது. டயோடு போனால் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். தெர்மல் தலை போனால் அந்த மாத பட்ஜெட்டே மாறிவிடும்.

இப்போது அந்த ஒரு சதவீதப் புள்ளிக்கு வருவோம். 100 கோட்டு ஸ்கிரீனில் ஒரு கட்டத்தின் அகலம் 254 மைக்ரான். அதில் 3 சதவீதப் புள்ளியின் குறுக்களவு சுமார் 50 மைக்ரான். ஒரு சதவீதப் புள்ளி 30 மைக்ரானைத் தொடாது. நாளிதழ்களில் பரவலாக ஓட்டும் 1270 டிபிஐயில் லேசர் எழுதும் ஒரு சதுரம் 20 மைக்ரான். நியூஸ்பிரின்ட்டின் ஒரு நாரே ஏறக்குறைய அந்த அகலம் இருக்கும். மேலும் நாளிதழ் அச்சுக்கான ஐஎஸ்ஓ 12647 தரவிதியின் மூன்றாம் பகுதி நடுத்தொனியில் 26 சதவீத டாட் கெயினை (மை ஊறிப் புள்ளி பருப்பதை) எதிர்பார்த்தே எழுதப்பட்டது. பிளேட்டில் 50 என்று இருப்பது தாளில் 76 ஆகிறது. இவ்வளவு ஊறுகிற தாளில், ஒரு சதவீதப் புள்ளி வயலட்டில் நின்றதா தெர்மலில் நின்றதா என்று வாசகருக்குத் தெரியப்போவதே இல்லை. இரண்டு பிளேட்டையும் அச்சு மெஷினின் ஒரே டவரில் ஏற்றி, ஒரே படத்தை அடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறோம். எங்கள் மெஷின் ஃபோர்மேனுக்கு மை பார்க்கும் கண் நல்ல கண். அவருக்கே எது எது என்று சொல்ல முடியவில்லை.

தமிழ்ப் பத்திரிகைக்குப் பிளேட்டில் பார்க்க வேண்டியது படத்தை விட எழுத்துதான். வரி விளம்பரத்தில் எழுத்து மிகச் சிறியது. அதில் மெய்யெழுத்தின் மேல் இருக்கும் புள்ளி ஏழெட்டு லேசர்ச் சதுரம் அகலம்தான் இருக்கும். லேசரின் சக்தி குறைந்தாலோ, பிளேட்டைக் கழுவும் டெவலப்பர் மருந்து தீவிரமாக இருந்தாலோ முதலில் உதிர்வது அந்தப் புள்ளிதான். 'வீட்டுமனை' என்பது 'வீடடுமனை' ஆகிவிடும். அதோடு 'ழ', 'ணை', 'ஜ' போன்ற எழுத்துகளின் வளையம் அடைபடுகிறதா என்று பார்ப்பேன். புள்ளி விழாமல், வளையம் அடையாமல் இருந்தால் பிளேட் சரி. இந்தச் சோதனையில் ஒழுங்காகப் பராமரித்த வயலட் ஒருநாளும் தோற்றதில்லை. தெர்மல் இன்னும் கொஞ்சம் நிம்மதி; மருந்து சற்று ஏறி இறங்கினாலும் அது தாங்குகிறது.

பிலிமிலிருந்து வந்தவர்கள் ஒன்றை எதிர்பார்த்திருக்க வேண்டும். நெகட்டிவ் வழியாக எக்ஸ்போஸ் செய்யும்போது ஒளி ஓரத்தில் கசிந்து புள்ளி கொஞ்சம் பருக்கும். பல வருஷமாகப் போட்டோ பகுதி அதற்குத் தகுந்தாற்போல் படத்தைத் தயாரித்துப் பழகியிருக்கும். சிடிபியில் கம்ப்யூட்டர் 50 என்றால் பிளேட்டிலும் 50. எனவே மாறிய முதல் வாரம் படமெல்லாம் வெளுத்துப்போனதுபோல இருக்கும். மெஷினைக் குறை சொல்லக் கூடாது. ரிப்பில் (பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும் மென்பொருளில்) புள்ளி அளவைத் திருத்தும் கர்வ் போட்டுச் சரிசெய்ய வேண்டிய விஷயம் இது. மூன்று தொழில்நுட்பத்துக்கும் இது பொது.

நாளிதழில் உண்மையான பரீட்சை கடைசிப் பக்கம். பதினாறு பக்கமும் நாலு வண்ணம் என்றால் ஒரு பதிப்புக்கு 64 பிளேட். அதில் அறுபது பிளேட் முன்னாலேயே போய் மெஷினில் ஏறிவிடும். முதல் பக்கத்து நாலு பிளேட்டுக்காக ஒரு முழு ரோட்டரி மெஷினும், அதைச் சுற்றி நிற்கிற ஆட்களும், வெளியே வேன்களும் காத்திருப்பார்கள். எடிட்டோரியல் பக்கத்தை விட்ட நொடியிலிருந்து நாலாவது பிளேட்டின் முனை மடித்துக் கையில் வருகிற வரை எத்தனை நிமிஷம்? நான் ஒரு சிடிபியிடம் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான். மணிக்கு எத்தனை பிளேட் என்பது சிற்றேட்டுக்கு நல்ல எண். எங்களுக்கு முதல் பிளேட்டுக்கு எவ்வளவு நேரம், நாலாவதற்கு எவ்வளவு நேரம் என்பதே கணக்கு.

"அண்ணாச்சி, மொதப் பக்கம் மெஜந்தா எங்க?" என்று மெஷின் பையன் வாசலில் வந்து நிற்பான்.

"பொறுடே, பிராசஸர்ல வருது."

அந்தப் 'பிராசஸர்ல வருது' இருக்கிறதே, வயலட்டின் வேகத்தைத் தின்பது அங்கேதான். லேசர் எழுதி முடித்தவுடன் பிளேட் பயன்படாது; அதைச் சூடாக்கிக் கழுவி எடுக்கும் மெஷின்தான் பிராசஸர். முதலில் ப்ரீஹீட் அடுப்பு, 100 டிகிரியைத் தாண்டிய சூடு; தொடங்கிய சங்கிலியை அது முழுதாக இறுக்குகிறது. அடுத்து முன்கழுவல், பூச்சின் மேல் ஆக்சிஜன் படாமல் காக்கிற, நீரில் கரையும் மேலுறை அதில் போகும். பிறகு பிஹெச் 12ஐ ஒட்டிய காரமான டெவலப்பர், பிரஷ் ரோலர், கழுவல், கம் (பிளேட்டைக் காக்கும் கோந்துப் பூச்சு), உலர்த்தல். ஒரு இடத்தில் பிசகினாலும் பிளேட் கெடும். அடுப்புச் சூடு குறைந்தால் பார்வைக்குப் பிளேட் நன்றாகவே இருக்கும். இருபதாயிரம் பிரதி தாண்டியதும் மெல்ல மெல்ல எழுத்து தேயத் தொடங்கும். சூடு கூடினால் எழுத்தோ படமோ இல்லாத இடத்தில் மங்கல் படிந்து தாளெல்லாம் அழுக்காக விழும்.

2012இல் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு அடித்த காலத்தில் இதன் தொல்லை நன்றாகத் தெரிந்தது. சிடிபிக்கு யுபிஎஸ் இருந்தது. வயலட் லேசர் குடிக்கிற மின்சாரம் அற்பம், அது நிற்காது. அடுப்பின் ஹீட்டரை யுபிஎஸ் தாங்காது. ஜெனரேட்டர் எடுத்து, அடுப்பு மறுபடி சூடேறி, அதன் அகலம் முழுக்க ஒரே சூடு வருகிற வரை எழுதிய பிளேட் வாசலில் நிற்கும். வயலட் வாங்குகிறவர்கள் லேசரை விசாரிப்பதை விட இரண்டு மடங்கு பிராசஸரை விசாரிக்க வேண்டும்.

தண்ணீரும் அப்படியே. எங்கள் பக்கத்து போர் தண்ணீர் கடினம். ஸ்ப்ரே துளைகளில் உப்பு அடைக்கும். கம் சமமாகப் படியாது. பிளேட்டைச் சாய்த்துப் பிடித்து விளக்கொளியில் பார்த்தால் கம் கோடுகோடாக ஓடியிருப்பது தெரியும். அந்தக் கோட்டில் தண்ணீர் சரியாகப் பிடிக்காமல் மெஷினில் ஸ்கம் (வெறும் இடத்தில் மை படிவது) எழும். ஆர்ஓ தண்ணீர் வைத்த பிறகுதான் அது நின்றது. தீர்ந்த டெவலப்பரைச் சாக்கடையில் விட முடியாது, விடவும் கூடாது. கேனில் சேர்த்து உரியவரிடம் ஒப்படைக்கும் செலவு ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது. பிளேட் விலையை மட்டும் ஒப்பிட்டு வயலட் மலிவு என்று சொல்கிற பலர் இந்தச் செலவைக் கூட்டுவதில்லை.

வயலட்டின் இன்னொரு சுமை மஞ்சள் அறை. பிளேட்டுக்கு நீல ஒளி ஆகாது என்பதால் திறந்து வைக்கும் இடத்தில் மஞ்சள் விளக்குதான். இரவு முழுக்க அதற்குள் இருந்தால் கண் சோரும். பழக ஆரம்பிக்கிற பையன்கள் தலைவலி என்பார்கள். மூடிய கேசட்டில் பிளேட்டை வைத்துத் தானே எடுத்துக்கொள்ளும் மெஷின்களில் இந்தத் தொல்லை குறைவு. கேசட் நிரப்பும்போது மட்டும் மஞ்சள் போதும். ஆனால் ஐப்பசி கார்த்திகை மழையில் பிளேட்டுகளுக்கு நடுவே இருக்கும் தாள் ஈரத்தை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். உறிஞ்சுகிற கப் அதைப் பிரித்தெடுக்காமல் விட்டால் தாளோடு பிளேட் உள்ளே போகும். ஈரக்கையால் தொட்டாலும் அந்த நீரில் கரையும் மேலுறையில் விரல் பதிந்துவிடும். திருநெல்வேலிச் சித்திரையில் பருத்திக் கையுறை இல்லாமல் வயலட் பிளேட்டைத் தொட எவரையும் நான் விடுவதில்லை.

இந்த இரண்டு விஷயத்திலும் தெர்மல் ராஜா. வெள்ளை விளக்கில் வேலை. கதவு திறந்தால் பதற வேண்டாம். பிளேட்டைப் பகல் வெளிச்சத்தில் நின்று நிதானமாகப் பார்க்கலாம். தெர்மலில் வேலை செய்த காலத்தில் பிளேட் ரூம் என்பது மற்ற அறைகளைப் போல ஒரு அறையாக இருந்தது. ஆட்கள் மாறிமாறி வந்து உதவ முடிந்தது. முந்தைய நாள் எழுதிய பிளேட்டும் இன்று எழுதிய பிளேட்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன. நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று உட்காருவதிலும் நல்ல வெளி டிரம் மெஷின் துல்லியமானது. வண்ணச் சிறப்பிதழ், பத்திரிகையோடு வரும் வார இணைப்பு, பளபளப்புத் தாளில் வெளிவேலை எல்லாம் ஒரே மெஷினில் எடுக்கிற அச்சகத்துக்கு தெர்மலையே சொல்வேன். நியூஸ்பிரின்ட்டில் தெரியாத தரம் அங்கே தெரியும்.

சில்வர் பிளேட்டைப் பற்றி ஒரு வரி போதும். வயலட்டிலேயே போட்டோபாலிமருக்கு முன்னால் வெள்ளி உப்புப் பூச்சு வந்தது. இன்னும் குறைந்த ஒளியில் வேலை செய்தது, ஆனால் மெஷினில் சீக்கிரம் கீறல் விழுந்தது, கழிவில் வெள்ளி வந்தது. அதன் காலம் முடிந்தது.

யூவிக்கு வருவோம். சிடிசிபி (கம்ப்யூட்டரிலிருந்து வழக்கமான பிளேட்டுக்கு) என்றும் சொல்வார்கள். 1990களின் நடுவில் ஜெர்மனியின் பேசிஸ்பிரின்ட் இதைக் கொண்டுவந்தது. கருத்து மிக நேர்த்தியானது: பிளேட்டை மாற்றாதே, ஏற்கெனவே சந்தையில் கிடைக்கிற பிலிம் காலத்துச் சாதாரண பிஎஸ் பிளேட்டிலேயே கம்ப்யூட்டரிலிருந்து எழுது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் நுண்கண்ணாடிச் சிப் வழியாக யூவி ஒளியைப் பிளேட்டின் மேல் சின்னச் சதுரங்களாக விழச் செய்தது. சினிமா தியேட்டரின் டிஜிட்டல் புரொஜெக்டரில் இருக்கும் அதே குடும்பத்துச் சிப்தான். பின்னால் வந்த மெஷின்களில் விளக்குக்குப் பதில் லேசர் டயோடு வரிசை. சீனத் தயாரிப்புகள் வந்த பிறகு இந்தியாவின் சிறு நகர அச்சகங்களில் இது பரவியது.

என் நண்பர் ஒருவர் தென்காசிப் பக்கம் ஒரு சிறு நாளிதழையும், கூடவே கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பள்ளிக்கூட நோட்டு வேலையையும் ஒரே கூரையில் நடத்துகிறார். அவருக்கு யூவி பொருத்தமாக இருக்கிறது. பிளேட் விலை குறைவு. பழைய டெவலப்பரும் பழைய பிராசஸரும் அப்படியே ஓடுகின்றன. ஊரிலிருக்கும் எந்த பிளேட் வியாபாரியிடமும் அவசரத்துக்கு ஒரு பெட்டி வாங்கிக்கொள்ளலாம். ப்ரீஹீட் அடுப்பே இல்லை. வேகம்தான் இல்லை. சாதாரண பிளேட்டுக்குத் தேவைப்படும் ஆற்றல் தெர்மலை ஒட்டி வருவது. அவரிடம் இருப்பது நடுத்தர மெஷின். எட்டுப் பக்கம், இரண்டு பக்கம் மட்டும் கலர் என்பதால் அது போதும். அதில் என் 64 பிளேட்டைக் கொடுத்தால் விடிந்துவிடும். இன்னொன்று, டயோடு வரிசையில் ஒன்று மங்கினால் பெரிய திண்ணமான நிறப்பரப்பில் மெல்லிய பட்டையாகத் தெரியும். கறுப்பு எழுத்துப் பக்கத்தில் தெரியாது. முழுப்பக்க நகைக்கடை விளம்பரத்தில் தெரியும். விளம்பரம் கொடுத்தவருக்கும் தெரியும். வரிசையின் ஒவ்வொரு டயோடையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து சமப்படுத்துவதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் புதிதாக வாங்கினால் தெர்மல் என்று ஏன் சொன்னேன்? பிராசஸ் இல்லாத பிளேட்டுக்காக. லேசர் எழுதியவுடன் பிளேட் நேராக மெஷினுக்குப் போகிறது. எழுதாத பூச்சை மெஷினின் ஃபவுண்டன் தண்ணீரும் (பிளேட்டை நனைக்கும் நீர்) மையும் முதல் சில சுற்றுகளில் எடுத்துவிடுகின்றன. கோடக்கின் சொனோரா இந்த வகை. அடுப்பு இல்லை, டெவலப்பர் இல்லை, பிராசஸர் கழுவுகிற ஞாயிற்றுக்கிழமை இல்லை, கேன் கேனாகக் கழிவு இல்லை. எழுதுவதில் தெர்மல் இழக்கிற நேரத்தை இங்கே திரும்ப எடுத்துவிடுகிறது. கடைசிப் பக்கத்துக்கு இதை விடக் குறுக்கு வழி இல்லை. வயலட்டிலும் டெவலப்பருக்குப் பதில் கம் மட்டும் போட்டு முடிக்கிற வகை உண்டு. அக்ஃபா அதை நாளிதழ்களுக்கென்றே கொண்டுவந்தது. மருந்து குறையும், பராமரிப்பு குறையும். ஆனால் அதற்கும் சூடு வேண்டும், ஒரு சிறு யூனிட் வேண்டும். பாதி தூரம்தான்.

பிராசஸ் இல்லாத பிளேட்டில் நாளிதழுக்கு ஒரே ஒரு பெரிய குறை: எழுதிய பிளேட்டில் பிம்பம் மங்கலாகத்தான் தெரியும். எது ஐந்தாம் பக்கம், எது சியான் என்று இரவு இரண்டு மணிக்கு மெஷின் ஆள் கண்ணால் பார்த்துத்தான் ஏற்றுகிறார். நான் மாதிரிக்கு வாங்கி ஓட்டியபோது பிளேட்டின் வாலில் பக்க எண்ணையும் வண்ணத்தையும் பெரிய எழுத்தில் எழுத வைத்தேன். அப்படியும் இரண்டடி தள்ளிப் படிக்க முடியவில்லை. பின்னால் வந்த பிளேட்டுகளில் இது தேறியிருக்கிறது. பிளேட் மடித்ததும் அதன் ஓரத்தில் மார்க்கரால் பக்கமும் நிறமும் எழுதுவதைக் கட்டாயமாக்கினால் சமாளிக்கலாம். மற்றொன்று, பிளேட் ரூமில் பிடிபட்டிருக்க வேண்டிய தவறு இனி மெஷினில்தான் தெரியும். மெஷின் ஃபவுண்டன் தண்ணீரின் அளவும் குணமும் சரியாக இல்லாத இடத்தில் இந்த பிளேட்டை ஓட்டக் கூடாது. தொடக்கத்தில் வேஸ்ட் ஏறும், ஆட்கள் பிளேட்டைத் திட்டுவார்கள்.

சந்தை நிலவரமும் என் முடிவில் இருக்கிறது. அக்ஃபாவின் ஆஃப்செட் பிரிவு 2023இல் கைமாறி எகோ3 என்ற பெயருக்குப் போனது. கொரோனாவில் பத்திரிகைகள் பக்கத்தைக் குறைத்தன. சிலர் பதிப்பையே நிறுத்தினார்கள். 2022 மார்ச்சில் அலுமினியம் லண்டன் சந்தையில் டன்னுக்கு 4,000 டாலரைத் தொட்டது. பிளேட்டின் பெரும்பகுதி அலுமினியம். அந்த அடி எங்கள் மேல்தான் விழுந்தது. வயலட் பிளேட் வாங்குகிறவர்கள் ஏறக்குறைய நாளிதழ்கள் மட்டுமே. தெர்மல் பிளேட்டை வணிக அச்சகம் முழுக்க வாங்குகிறது. ஆகவே பத்து வருஷம் கழித்தும் தெர்மல் பிளேட் நாலு கடையில் கிடைக்கும் என்று நம்பலாம். வயலட்டைப் பற்றி அதே நம்பிக்கையோடு என்னால் சொல்ல முடியவில்லை. மும்பைக்கு அருகே தலோஜாவில் டெக்நோவா போல உள்நாட்டிலேயே பிளேட் செய்கிறவர்கள் இருப்பது நமக்குப் பெரிய பலம். எந்த மெஷின் வாங்கினாலும் அதற்கான பிளேட் குறைந்தது இரண்டு தயாரிப்பாளர்களிடம் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

நல்ல நிலையில் வயலட் வைத்திருப்பவர்கள் அதை மாற்ற அவசரப்பட வேண்டியதில்லை. டயோடு, கண்ணாடி மோட்டார், பிராசஸர் ரோலர் மூன்றையும் ஸ்டாக் வைத்துக்கொண்டால் அது இன்னும் பல வருஷம் உழைக்கும். எங்களுடையது உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. செகண்ட் ஹாண்டில் வயலட் இப்போது நிறைய வருகிறது, விலையும் கவர்ச்சியாக இருக்கிறது. அதை வாங்கப் போகிறவர்கள் மெஷினோடு அதே பிராசஸரும் வருகிறதா என்று முதலில் கேளுங்கள். பிறகு நாலு வண்ணத்திலும் ஒரே பக்கத்தை எழுதச் சொல்லி, பஞ்ச் துளையில் நாலு பிளேட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, மூலைக் குறிகள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஒரு பிளேட்டில் முழுக்க 50 சதவீத டின்ட் எழுத வைத்து நடுவிலும் நாலு மூலையிலும் பிளேட் மீட்டரில் (புள்ளி அளவைக் காட்டும் கருவி) அளங்கள். இரண்டு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், அது லேசரா அடுப்பா என்று இன்ஜினியர் உங்கள் முன்னால் கண்டுபிடித்துச் சரிசெய்து காட்டும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வரி விளம்பரப் பக்கம் ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுபோக மறக்க வேண்டாம். அதை எழுதி வாங்கி, உங்கள் மெஷினில், உங்கள் தாளில், நீங்கள் ஒரு இரவில் அடிக்கிற முழு எண்ணிக்கைக்கும் ஓட்டி, கடைசிப் பிரதியை எடுத்து மெய்யெழுத்துப் புள்ளிகளைப் பாருங்கள்.